உள்பக்கத் தாழ்ப்பாள்

பிரத்யுஷா போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"பாத்ரூம் ஊட்டுக்குள்ளயா, வெளியிலயாங்க?"

"உள்ளதாங்க" என்றான் ஹர்ஷா.

வெளியில்தான் இருந்தது. சமையலறைப் பின்கதவைத் திறந்து, துவைகல்லைச் சுற்றி, பதினெட்டு எட்டு நடந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருந்தது. மழைக்காலத்தில் குடை வேண்டும். குடையை உள்ளே கொண்டுபோனால் ஆள் திரும்ப முடியாது, வெளியே வைத்தால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். இதையெல்லாம் முதல் போனிலேயே விளக்குவது அவனுக்குச் சரியாகப் படவில்லை. விளக்கியிருந்தால் கைவிட்டுப் போன ஆறாவது இடமாக அது ஆகியிருக்கும்.

ஐந்து இடம் ஏற்கனவே போயிருந்தது. கோயமுத்தூரில் இப்போது பெண் வீட்டார் முதலில் வீட்டைத்தான் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முப்பத்து நாலு வயதுக்கு மேல் அவன் எங்கே ஓடிவிடப் போகிறான். வந்தவர்கள் கார் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா என்று கேட்பார்கள். கடைசியில் ஒரு சித்தியோ அத்தையோ "கொஞ்சம் ரெஸ்ட் ரூம் போகோணுங்க" என்று எழுந்திருப்பாள். ஹர்ஷாவின் அம்மா பங்காரம்மா பின்கதவைத் திறந்து கையை நீட்டிக் காட்டுவாள். அத்தோடு முடிந்தது. காப்பியை மட்டும் மீதி வைக்காமல் குடித்துவிட்டுப் போவார்கள். மரியாதை தெரிந்தவர்கள்.

போனை வைத்துவிட்டு ஹர்ஷா சமையலறைக்குப் போனான். பங்காரம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. பங்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் மட்டும் தமிழ். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் நைட் ஷிஃப்ட் வேலையை ஹர்ஷா விட்டுவிட்டு, அதே பில்களைப் பகலில் வீட்டிலிருந்து பாதிச் சம்பளத்துக்குச் சரிபார்க்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக வீட்டில் தமிழ்தான்.

"பாத்ரூம் உள்ள இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன்" என்றான்.

"எந்த ஊட்ல?"

"நம்ம ஊட்லதான்."

பங்காரம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "எப்ப வாராங்க?"

"அடுத்ததுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை. பதினாறு நாள் இருக்குது."

"அப்ப கட்டு."

தெலுங்குபாளையத்தில் எண்பத்து நாலில் ஹர்ஷாவின் அப்பா கட்டிய வீடு அது. மூன்று அறை, ஒரு சாமான் ரூம். சாமான் ரூம் ஏழடிக்கு நாலரையடி. பின்சுவரை ஒட்டி இருந்தது, அங்கிருந்து பழைய கக்கூஸின் செப்டிக் டேங்க் பக்கம்தான். உள்ளே இரண்டு கயிற்றுக் கட்டில், ஒரு சைக்கிள் சட்டம், ஹர்ஷாவின் கல்யாணத்துக்கு என்று பத்து வருஷம் முன்னால் வாங்கி வைத்த பித்தளை அண்டா ஆகியவை இருந்தன. எலி போகக்கூடாதென்று பங்காரம்மா அந்தக் கதவை எப்போதும் வெளியே தாழிட்டு வைப்பாள். அந்தப் பக்கமாகப் போனால் அவள் கை தானாகவே தாழ்ப்பாளைத் தள்ளும். நாற்பது வருஷப் பழக்கம்.

கோட்டைமேட்டிலிருந்து பிளம்பர் இல்யாஸ் வந்து பார்த்தார். ஹர்ஷாவைவிடப் பத்து வயது மூத்தவர். டேப்பைப் பிடித்து அளந்தார், சுவரைத் தட்டினார், அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எடம் இருக்குது தம்பி. காசு?"

"கம்மிதான் பாய்."

"கம்மின்னா?"

ஹர்ஷா சொன்னான். இல்யாஸ் டேப்பை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இதுக்கு வாளியும் மக்கும்தான் வரும். சரி, நீங்க ஒடைங்க, நான் கட்டறேன். சாமான் எதுவும் புதுசு வேண்டாம். உக்கடத்துல கையூம் கடைக்குப் போயிருவோம்."

அப்துல் கையூமின் கடையில் இடித்த வீடுகளெல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தன. ஜன்னல் தனியாக, கம்பி தனியாக, படிக்கட்டுக் கைப்பிடி தனியாக. ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு வெஸ்டர்ன் பீங்கான்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. கையூம் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இத எடுத்துக்குங்க. ஆர்.எஸ்.புரத்துல ஒரு டாக்டர் ஊட்ல இருந்தது. படிச்சவங்க ஒக்காந்தது."

"வெரிசல் இருக்குதுங்களா?"

"டாக்டருக்கு இருந்துச்சாம். இதுக்கு இல்ல."

டைல்ஸ் அங்கேயே கிடைத்தது. யார் யார் வீட்டிலோ மிச்சமானது. தரைக்கு ஒரே மாதிரி கிடைத்துவிட்டது. சுவருக்கு மூன்று தினுசு. அதில் ஒன்று யாரோ சமையலறைக்கு வாங்கியது. ஒவ்வொரு சதுரத்திலும் ஆவி பறக்கும் ஒரு காப்பி கப் இருந்தது. அதை எங்கே ஒட்டுவது என்று இல்யாஸ் கேட்டார். உட்கார்ந்தால் கண்ணில் படாத சுவரில் ஒட்டச் சொன்னான் ஹர்ஷா. அளவு ஒத்துவராமல் எதிர்ச் சுவரில்தான் ஒட்ட வேண்டியதாயிற்று.

பதினொரு நாள் உடைப்பதும் பூசுவதுமாகப் போனது. காலையில் பில், மத்தியானம் சம்மட்டி. இல்யாஸ் தரை சாய்மானத்தில் மட்டும் சமரசமே செய்துகொள்ளவில்லை. சிமெண்டு காய்ந்ததும் ஒரு மக் தண்ணீரைக் கதவோரம் ஊற்றிவிட்டு, அது மூலையில் இருக்கும் ஓட்டைக்குப் போய்ச் சேரும்வரை குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில் நின்றது. பெயர்த்துவிட்டு மறுபடி போட்டார்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே ஹர்ஷாவுக்கு வேலையில் ருசி வந்துவிட்டது. வீட்டைச் சரிசெய்கிறவனுக்கு வரும் வியாதி அது. ஒரு சுவரைப் பூசியவன் பக்கத்துச் சுவரைப் பார்க்காமல் இருக்க மாட்டான். மொட்டை மாடி வெயிலில் வீடு கொதிக்கிறது என்று, சூட்டைத் தடுக்கும் வெள்ளைப் பெயிண்டை வாங்கி மாடி முழுவதும் அடித்தான். மிச்சம் இருந்தது. மாடியில் இருந்த இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் அடித்தான். உண்மையிலேயே சூடு குறைந்தது. அம்மா மத்தியானம் ஹாலில் படுத்தே தூங்கினாள்.

தொட்டி இரண்டில் ஒன்று கார்ப்பரேஷன் விடும் சிறுவாணித் தண்ணீர், இன்னொன்று போர்த் தண்ணீர். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி குடிக்க, சமைக்க. உப்புத் தண்ணி மற்ற எல்லாவற்றுக்கும். நல்ல தண்ணித் தொட்டியைச் சுற்றி ஹர்ஷாவின் அப்பா ஒரு நீலப் பட்டை அடித்து வைத்திருந்தார். இப்போது அது வெள்ளைக்கு அடியில் இருந்தது.

சனிக்கிழமை பாக்கி இருந்தது பைப் வேலை மட்டும்தான். உப்புத் தண்ணி புது பாத்ரூமுக்கு வர வேண்டும். கூடவே ஹர்ஷா இன்னொன்றும் யோசித்து வைத்திருந்தான். நல்ல தண்ணிக்கு அதுவரை பின்வாசலில் ஒரே ஒரு குழாய்தான். அங்கிருந்து பங்காரம்மா குடத்தில் தூக்கிவருவாள். அதைச் சமையலறைக்குள்ளேயே ஒரு குழாயாகக் கொண்டுவந்துவிட்டால் பெண் வீட்டாருக்குக் காட்ட அதுவும் ஒன்றாயிற்று. அன்று இல்யாஸின் மச்சினன் மகளுக்கு நிக்காஹ்.

"ஞாயித்துக்கெழமை வெடியால வந்து மாட்டித் தந்தர்றேன். நீங்க கை வைக்காதீங்க தம்பி."

"ரெண்டு பைப்புதான பாய். நானே மாட்டிக்கறேன்."

"ரெண்டு பைப்புங்கறதுனாலதான் சொல்றேன்" என்றார் இல்யாஸ்.

பின்வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் இடது பக்கத் தொட்டி நல்ல தண்ணி. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறான். ஹர்ஷா மாடிக்கு ஏறிப்போய், பின்வாசலைப் பார்த்து நின்று, இடது பக்கத் தொட்டியிலிருந்து சமையலறைக்குப் பைப் இழுத்தான். பசை போட்டு ஒட்டினான். கீழே வந்து பாத்ரூமில் பதினொரு தடவை ஃபிளஷ் செய்து பார்த்தான். ஒவ்வொரு தடவையும் நன்றாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மூன்று பேர் வந்தார்கள். பிரத்யுஷாவின் அப்பா லட்சுமணசாமி, அம்மா, பிரத்யுஷா. லட்சுமணசாமி ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் டெஸ்டிங்கில் இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர். பிரத்யுஷாவுக்கு முப்பத்தொன்று. கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வார்த்து வரும் சாமானில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது. வீட்டுக்குள் வந்ததும் அவள் உட்காரவில்லை. சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சார்னு கூப்புட்டுத் தொலைச்சறாத, மாமான்னு சொல்லு" என்று பங்காரம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"வாங்க சார்" என்றான் ஹர்ஷா.

பங்காரம்மா பிரத்யுஷாவின் அம்மாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். "நல்ல தண்ணி இப்ப உள்ளயே வருதுங்க, இந்தா பாருங்க" என்று புதுக் குழாயைத் திறந்து, அவள் கண் முன்னாலேயே மூன்று டம்ளர் பிடித்தாள். அந்தக் குழாயை அவள் திறந்தது அதுதான் முதல் தடவை. விருந்தாளிக்கு முன்னால் தான் குடித்துப் பார்ப்பது அவள் வழக்கமில்லை.

பிரத்யுஷாவின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். பிரத்யுஷா குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள். லட்சுமணசாமி வாயில் வைத்திருந்து, கன்னத்துக்குக் கன்னம் மாற்றி, அப்புறம் விழுங்கினார்.

"போர் எத்தனை அடிங்க?"

"நானூறுங்க" என்றான் ஹர்ஷா.

"தண்ணில உப்பு, டிடிஎஸ் ஆயிரத்தி எறநூறு இருக்கும். கம்மி இல்ல." அவர் மனைவியைப் பார்த்தார். "இந்தப் பக்கம் சிறுவாணின்னு சொன்னாங்களே."

"சிறுவாணிதானுங்க!" பங்காரம்மாவின் குரல் உயர்ந்தது. டம்ளரை எடுத்துத் தானும் ஒரு வாய் குடித்தாள். ஹர்ஷாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தமிழ்.

"சிறுவாணி இல்லாத ஊட்டுக்குப் பொண்ணு குடுத்தா பருப்பு கூட வேகாதுங்க" என்றாள் பிரத்யுஷாவின் அம்மா. கோபமில்லை, விஷயத்தைச் சொன்னாள்.

லட்சுமணசாமி எழுந்து நின்றார். "தொட்டி எங்கீங்க தம்பி?"

மாடியில் ஏறி இரண்டு வெள்ளைத் தொட்டிகளையும் பார்த்தார். ஒவ்வொன்றையும் விரலால் தட்டினார்.

"வெள்ளை அடிச்சது யாரு?"

"நாந்தானுங்க மாமா. சூடு கொறையட்டும்னு."

"கொறஞ்சுதா?"

"கொறஞ்சுதுங்க."

"அது நல்ல வேலை. பைப் மாட்டுனது?"

"அதும் நாந்தானுங்க."

"ம்." லட்சுமணசாமி சட்டையைக் கழற்றி டிஷ் ஆண்டெனாவில் மாட்டிவிட்டுப் பனியனோடு நின்றார். மூடியைத் திறந்து, கையில் அள்ளி, இரண்டு தொட்டியிலும் குடித்துப் பார்த்தார். ஹர்ஷா நின்ற இடத்துக்கு வந்து பின்வாசலைப் பார்த்தார். அப்புறம் திரும்பி நின்று பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"கீழ நின்னு பாத்த எடதும் மேல நின்னு பாத்த எடதும் ஒண்ணுன்னு நெனச்சுப்போட்டீங்க. போய் ஆக்சா பிளேடு எடுத்துட்டு வாங்க. அறுத்து மாத்தி ஒட்டீரலாம்."

கீழே வேறு காரியம் நடந்துகொண்டிருந்தது. தன் தெருவுக்குச் சிறுவாணி வருவதை நிரூபிக்காமல் பங்காரம்மாவால் உட்கார முடியவில்லை. "வாங்க, பக்கத்தூட்ல குடிச்சுப் பாருங்க. அப்பறம் சொல்லுங்க" என்று பிரத்யுஷாவின் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் சாமான் ரூம். அவள் கை தானாகவே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளியது.

ஆக்சா பிளேடு துவைகல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. ஹர்ஷா குனிந்து எடுக்கும்போது தலைக்கு மேலே புது பாத்ரூம் வெண்டிலேட்டரிலிருந்து பிரத்யுஷாவின் குரல் வந்தது.

"ஏனுங்க. யாருங்க வெளிய?"

"நான்... ஹர்ஷா."

"வெளிய தாப்பா போட்டிருக்குது."

"அய்யோ. அம்மா போட்டிருப்பாங்க. பழக்கம். இருங்க, வாரேன்."

"இருங்க, இருங்க. தொறக்காதீங்க. இது எப்பக் கட்டுனது?"

ஹர்ஷா வெண்டிலேட்டரைப் பார்த்தான். கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவில் எதுவும் தெரியவில்லை.

"வியாழக்கெழமை டைல்ஸ் ஒட்டி முடிச்சது. நேத்துதான் தண்ணி வந்துச்சு."

"நான் கேட்டது ரெண்டு வாரத்துக்கு முன்னால."

"ஆமாங்க."

"அப்ப அது பொய்."

"அன்னைக்குப் பொய். இன்னைக்கு இல்லீங்க."

உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம். கொப்புளிக்கும் சத்தம். குழாயை மூடும் சத்தம்.

"ஹால்ல குடிச்ச உப்பு போகட்டும்னு வாய் கழுவுனேன். இங்க சிறுவாணி வருது."

"தெரியுமுங்க. உங்கப்பா இப்பத்தான் கண்டுபுடிச்சார்."

"நேத்திருந்து எத்தன தடவ ஃபிளஷ் பண்ணுனீங்க?"

"பதினொண்ணு. அப்பறம் காலைல."

"எங்கம்மாகிட்டச் சொல்லீராதீங்க. பொய் சொன்னதக் கூட மன்னிச்சிருவாங்க." டைல்ஸை விரலால் தட்டும் சத்தம். "செவுத்துல என்னங்க, காப்பி கப்பு?"

"கெடச்சது அதுதாங்க. மிச்ச டைல்ஸ்."

"இங்க ஒக்காந்தா அதத்தான் பாத்துட்டிருக்கோணும்."

"ஆமாங்க."

"தரைச் சாய்மானம் யாரு போட்டது?"

"இல்யாஸ் பாய். பிளம்பரு."

"அது ஒண்ணு சுத்தமா இருக்குது. ஒரு சொட்டு நிக்கல." வேலை இடத்தில் சாமானைப் பார்த்துத் தேறியது என்று ஒதுக்கிவைக்கும் குரல் அது. "எங்க ஊட்லயும் வெளியிலதாங்க."

"எது?"

"பாத்ரூம். முப்பத்தொரு வருசமா மழையில நனஞ்சுட்டுப் போறேன். எங்கப்பா ஊரெல்லாம் மோட்டார் பாத்துக் குடுப்பாரு. ஊட்ல ஒரு செவுர ஒடைக்க மனசு வராது. அதனாலதான் கேட்டேன். பதினாறு நாள்ல நீங்க கட்டிப்போட்டீங்க."

 ஹர்ஷா ஆக்சா பிளேடை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"இதுல உள்பக்கம் தாப்பாளே இல்ல. பாத்தீங்களா?" என்றாள் அவள்.

அவன் பார்த்ததில்லை. சாமான் ரூமை யாரும் உள்ளேயிருந்து பூட்டுவதில்லை. பீங்கான், டைல்ஸ், சாய்மானம், குழாய் எல்லாவற்றையும் பதினாறு நாளாக யோசித்தவனுக்கும், பிளம்பருக்கும், அம்மாவுக்கும் கதவு மட்டும் ஞாபகம் வரவில்லை.

"மறந்துபோச்சுங்க."

"சரி. இப்பத் தொறங்க."

அவன் சுற்றிப் போய்த் திறந்தான். அவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, அவனைத் தாண்டி ஹாலுக்குப் போய் உட்கார்ந்தாள். மாடியிலிருந்து லட்சுமணசாமி, "பிளேடு எடுக்க உக்கடத்துக்கே போய்ட்டீங்களா தம்பி?" என்று கத்தினார்.

பைப் மாற்றி ஒட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. பங்காரம்மாவும் பிரத்யுஷாவின் அம்மாவும் திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டில் இரண்டு டம்ளர் சிறுவாணியும் ஒரு தட்டு முறுக்கும் முடிந்திருந்தது. காப்பி குடித்தார்கள். காப்பி குடத்துத் தண்ணீரில் போட்டது, நன்றாக இருந்தது. லட்சுமணசாமி பனியனில் வெள்ளைப் பெயிண்டோடு சட்டையைப் போட்டுக்கொண்டு, "ஊட்ல பேசிட்டுச் சொல்றமுங்க" என்றார். இதே வார்த்தையைத்தான் ஐந்து வீட்டாரும் சொன்னார்கள்.

கார் திரும்பியதும் பங்காரம்மா ஆரம்பித்தாள். சாயங்காலம்வரை தமிழ்தான். கல்யாணம் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "குடிக்கற தண்ணியக் கொண்டுபோய்க் கக்கூஸ்ல ஊத்திப்போட்டான், அதும் டாக்டர் ஊட்டுக் கக்கூஸ்ல" என்பதைத்தான் வேறு வேறு விதமாகச் சொன்னாள். அடுத்த சிறுவாணி வர இன்னும் மூன்று நாள் இருந்தது. இல்யாஸ் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு பைப்பு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

திங்கள், செவ்வாய் எந்தத் தகவலும் இல்லை. ஹர்ஷா பில்களைச் சரிபார்த்தான். பாத்ரூமை அவன்தான் உபயோகித்தான். பங்காரம்மா காப்பி கப்புகள் தன்னைப் பார்ப்பதாகச் சொல்லிப் பழைய இடத்துக்கே போனாள்.

புதன்கிழமை காலை சிறுவாணி வந்தது. பங்காரம்மா புதுக் குழாயில் ஒரு சொட்டைக் கையில் பிடித்து நக்கிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் குடத்தை வைத்தாள். அப்போது ஹர்ஷாவின் போனில் செய்தி வந்தது.

"அப்பாவுக்கு சம்மதம். பெயிண்ட் வாங்கிட்டு வந்திருக்காரு, எங்க மாடிக்கு அடிக்கப் போறாராம். அம்மாவுக்குத் தண்ணி சரியாகி இருக்கோணும். எனக்குத் தாப்பா. போட்டாச்சுங்களா?"

ஹர்ஷா பைக்கை எடுத்தான். கையூம் கடைக்குப் போகவில்லை. செல்வபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் புதுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கினான், ஆறு இஞ்ச், ஸ்டீல். அந்த பாத்ரூமிலேயே வேறு யார் வீட்டிலிருந்தும் வராத முதல் சாமான். கதவின் உள்பக்கம் அளந்து, குறித்து, நாலு ஸ்க்ரூ போட்டான். தள்ளிப் பார்த்தான். உட்கார்ந்தது. போட்டோ எடுத்து அனுப்பினான்.

உடனே பதில் வந்தது.

"இது எந்தப் பக்கம்?"

"உள்ளதாங்க" என்று அடித்தான்.

"நெசமா?"

இந்த முறை அவன் அவசரப்படவில்லை. உள்ளே நின்றபடியே கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி போட்டு, வீடியோவாகவே எடுத்து அனுப்பினான். அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினாள். தேறிய சாமானுக்கு அவள் கம்பெனியில் என்ன அடையாளம் போடுவார்களோ தெரியாது. இது போதுமென்று அவனுக்குத் தோன்றியது.

தாழ்ப்பாளை எடுத்துக் கதவை இழுத்தான். வரவில்லை.

வெளியே பங்காரம்மா அடுத்த குடத்தோடு போய்க்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனாள். தெலுங்கு.